ஓர்லியில் மூடப்பட்ட கதவு

வான்வழிப் போக்குவரத்தின் வரலாறு பெரும்பாலும் விமானிகளின் வரலாறாகவும் பொறியியலாளரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. விமானம் தரையில் தரித்து நிற்கும் சிறு பொழுதில் அதற்கு எரிபொருள் நிரப்புவோரும், பொதிகளை ஏற்றி இறக்குவோரும், கதவுகளைத் திறந்து மூடுவோரும் அவ்வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. விபத்தொன்று நேர்ந்த பின்னரோ, பழிக்குரியோராக அவர்களே முதலிற் சுட்டப்படுவதுண்டு. 1974ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் திகதி பாரிஸ் நகருக்கு அண்மையில் 346 உயிர்களைப் பலிகொண்ட துருக்கிய விமான விபத்து இதற்குத் தக்க சான்றாகும்.

இஸ்தான்புல்லிலிருந்து இலண்டனுக்குச் செல்லும் வழியில், துருக்கிய விமான சேவைக்குச் சொந்தமான டீ.சி. 10 விமானம் அன்று பாரிஸின் ஓர்லி நிலையத்தில் தரித்து நின்றது. பிரித்தானிய விமான சேவையில் ஏற்பட்ட வேலைநிறுத்தத்தால் வழியின்றி நின்ற பயணிகள் பலர் அங்கு அதில் ஏறினர். பின்புறப் பொதியறையின் கதவைப் பொதி ஏற்றும் தொழிலாளி ஒருவர் மூடினார். நண்பகலின் பின் புறப்பட்ட விமானம் ஏறத்தாழ 12,000 அடி உயரத்தை அண்மித்தபோது அக்கதவு பிய்ந்து பறந்தது. பொதியறையின் அமுக்கம் திடீரெனக் குறைய, மேலிருந்த பயணிகள் அறையின் தளம் அமுக்க வேறுபாட்டைத் தாங்கமாட்டாது இடிந்தது. அத்தளத்தினூடாக வாற்பகுதிக்குச் சென்ற கட்டுப்பாட்டு வடங்கள் பயனற்றுப் போயின. ஒன்றரை நிமிடத்துக்குள் விமானம் எர்மெனோன்வில் காட்டில் வீழ்ந்து நொறுங்கியது. எவரும் உயிர் தப்பவில்லை. 1977இல் தெனரீவ் தீவில் 583 பேர் மாளும் வரை இதுவே உலகின் மிகக் கொடிய விமான விபத்தாக இருந்தது.

இதன் காரணத்தை உணர்வதற்கு அக்கதவின் அமைப்பை அறிதல் வேண்டும். உட்புறமிருந்து சட்டத்திற் பொருந்தும் கதவை, விமானத்தின் உள்ளமுக்கம் மேலும் இறுக்கும். டீ.சி. 10இன் பொதியறைக் கதவோ வெளிப்புறமாகத் திறப்பது. உள்ளமுக்கம் அதனை வெளியே தள்ளும். ஆகவே அது கொளுவிகளின் பலத்திலேயே முற்றாகத் தங்கியிருந்தது. மின்விசையால் இயங்கும் கொளுவிகள் முதலிற் பற்றிக்கொள்ளும். பின்னர் வெளியிலுள்ள கைபிடியைக் கீழே அழுத்த, கொளுவிகள் பின்வாங்காதவாறு பூட்டு ஊசிகள் குறுக்கே செல்லும். கொளுவிகள் சரிவரப் பற்றாவிடின் கைபிடி இறங்காது என்பதும், அதனுடன் பிணைந்த சிறு காற்றுக் கதவு மூடாது என்பதும் வடிவமைத்தோரின் எதிர்பார்ப்பு. ஆனால் இடையிலிருந்த பிணைப்புக் கோல்கள் போதிய வலுவற்றவை. வலிந்து அழுத்தினால் அவை வளைந்து கொடுக்க, கைபிடி தன் இடத்தில் அமர்ந்துவிடும். வெளியே நிற்பவருக்குக் கதவு பூட்டப்பட்டதாகவே தோன்றும்.

இக்குறைபாடு முன்னரே வெளிப்பட்டிருந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது. 1970இல் தரையில் நடைபெற்ற அமுக்கச் சோதனையொன்றிற் பொதியறைக் கதவு திறந்து தளம் சிதைந்தது. 1972 ஜூன் 12இல், டிற்றோயிற்றிலிருந்து 67 பேருடன் புறப்பட்ட அமெரிக்கன் எயர்லைன்ஸ் விமானம் கனடாவின் வின்சர் நகருக்கு மேலே பின்புறக் கதவை இழந்தது. தளம் ஒரு பகுதியே சரிந்தமையால், எஞ்சிய கட்டுப்பாட்டைக் கொண்டு விமானி பிரைஸ் மக்கோர்மிக் அதனைப் பத்திரமாகத் தரையிறக்கினார். அவ்விமானத்தின் கைபிடியும் இலகுவில் இறங்கவில்லை. தொழிலாளி தம் முழங்காலால் அழுத்தியே அதனை மூடியிருந்தார்.

இரு வாரங்களின் பின், கதவைத் தயாரித்த கொன்வெயர் நிறுவனத்தின் பொறியியலாளர் டான் அப்பிள்கேற், இத்தகைய கதவுகள் மீண்டும் திறப்பது தவிர்க்கமுடியாதது எனவும், அதனால் விமானமே அழியக்கூடும் எனவும் தம் மேலாளருக்கு எழுதினார். திருத்தச் செலவு எவரைச் சாரும் என்ற எண்ணம் மேலோங்கவே, அவ்வெச்சரிக்கை கொன்வெயருக்கு வெளியே செல்லவில்லை. அமெரிக்க விபத்து விசாரணைச் சபை பூட்டைத் திருத்துமாறும் தளத்திற் காற்றுவழி அமைக்குமாறும் பரிந்துரைத்தது. விமானப் போக்குவரத்து நிருவாகமோ கட்டாய ஆணை பிறப்பியாது, மக்டொனல் டக்ளஸ் நிறுவனத்துடன் வாய்மொழி உடன்பாடு செய்து அமைந்தது. 1972 டிசம்பரிற் கையளிக்கப்பட்ட துருக்கிய விமானத்திற்குப் பூட்டை வலுப்படுத்தும் தகடு பொருத்தப்பட்டதென ஏடுகள் கூறின. உண்மையில் அது பொருத்தப்படவில்லை.

பூட்டு ஊசிகளைக் கண்ணாற் பார்ப்பதற்குச் சிறு துளையொன்று மட்டும் கதவில் இடப்பட்டது. அதன் அருகிலிருந்த அறிவுறுத்தல் ஆங்கிலத்திலும் துருக்கி மொழியிலும் எழுதப்பட்டிருந்தது. ஓர்லியிற் கதவை மூடிய அல்ஜீரியத் தொழிலாளி வேறு மொழிகளில் எழுத்தறிவுடையவர். அவ்விரு மொழிகளையும் வாசிக்க அறியாதவர். துளையினூடாக நோக்குவது அவருக்கு விதிக்கப்பட்ட பணியுமன்று. அதற்குரிய தரைப் பொறியியலாளர் அன்று அங்கிருக்கவில்லை. அன்றியும், ஊசிகள் பிழையாகச் சீர்செய்யப்பட்டிருந்தமையால் கைபிடி எவ்வித எதிர்ப்புமின்றி இறங்கியது. முந்திய விபத்தில் முழங்கால் உணர்ந்த எதிர்ப்பாவது ஓர் எச்சரிக்கையாக இருந்தது. ஓர்லியில் அதுவும் இல்லாது போயிற்று.

இருந்தும், எழுத்தறிவற்ற தொழிலாளி என்ற பேச்சே விபத்தின் பின் முதலில் எழுந்தது. பின்வந்த நடவடிக்கைகள் அப்பேச்சைப் பொய்ப்பித்தன. விபத்தையடுத்துப் பூட்டின் மாற்றம் கட்டாயமாக்கப்பட்டது. 1975இல் அகன்ற உடலுடைய விமானங்களின் தளங்கள் அமுக்க வேறுபாட்டைத் தாங்குமாறு திருத்தப்பட வேண்டும் என ஆணை பிறந்தது. திருத்தம் எங்குச் செய்யப்பட்டதோ அங்கேயே தவறும் இருந்தது எனக் கொள்ளல் பொருந்தும். வரைமேசையிலும், அலுவலகத்திலும், தொழிற்சாலையிலும் அடுத்தடுத்துத் தவறவிட்ட பொறுப்பு, இறுதியாக ஒரு கைபிடியின் வழியே ஒரு தொழிலாளியின் கையில் வந்து சேர்ந்தது. இறுதியாகத் தொட்ட கையை மட்டும் காணும் வரலாறு முழுமையான வரலாறாகாது.