குழந்தையின் பக்கம் நின்றவர்கள்

நீதிமன்றத்தில் வாதிக்கு வழக்கறிஞர் உண்டு, பிரதிவாதிக்கும் உண்டு. அரசாங்கத்தின் சார்பில் பேசவும் ஒருவர் இருப்பார். வழக்கே ஒரு குழந்தையைப் பற்றியதானால், அக்குழந்தைக்காகப் பேசுபவர் யார்? மாணவ நண்பர்களே, அமெரிக்க நாட்டில் இக்கேள்வி எழுந்த வரலாற்றையே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நியூயார்க் நகரத்தில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த அடுக்கு வீடுகளுக்குச் சென்று, அவர்தம் துயர் துடைப்பதைப் பணியாகக் கொண்டிருந்தார் எட்டா வீலர் என்னும் மாது. 1873-ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு வீட்டில் சிறுமி ஒருத்தி ஓயாமல் அடிபடுகிறாள் என்று அவர் கேள்வியுற்றார். அயலில் காசநோயால் கிடந்த பெண்ணுக்கு உதவி கேட்பவர்போல அவ்வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே, கடுங்குளிரில் கந்தல் உடுத்து, வெறுங்காலுடன் ஒரு குழந்தை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது. மேசைமீது தோல்வார்ச் சவுக்கு கிடந்தது. குழந்தைக்கு வயது ஒன்பது. உருவமோ ஐந்து வயதுக்குரியது. அவள்தான் மேரி எல்லன்.

அவளை அவ்வீட்டாரிடம் ஒப்படைத்தது நகர தர்ம இலாகாவே. ஆண்டுதோறும் குழந்தையின் நிலையை அறிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எட்டு ஆண்டுகளில் இரண்டு முறைதான் அறிவித்தார்கள். ஏன் என்று கேட்பாரில்லை! காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

வீலர் அம்மையார் போலீசாரிடம் சென்றார். தரும சங்கங்களையும் நாடினார். சாட்சியம் இல்லாமல் தலையிட முடியாது என்றனர் சிலர். சட்டப்படி குழந்தையைக் கொண்டு வாருங்கள், ஏற்றுக்கொள்கிறோம் என்றனர் வேறு சிலர். சட்டப்படி கொண்டுவருவது யார் என்பதுதானே சிக்கல்? இறுதியில், மிருகவதைத் தடுப்புச் சங்கத்தை 1866-இல் நிறுவிய ஹென்றி பெர்க்கை அணுகினார். பெர்க் உடனே ஆளனுப்பி விசாரித்தார். சங்கத்தின் வழக்கறிஞரான எல்பிரிட்ஜ் கெர்ரி, நீதிபதி லாரன்ஸிடம் மனுச் செய்தார்.

1874 ஏப்ரல் 9-ஆம் நாள், வண்டிக் கம்பளியொன்றில் சுற்றிய சிறுமி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டாள். கத்தரிக்கோல் பட்ட காயம் அவள் முகத்தில் இருந்தது. வளர்ப்புத் தாய்க்கு ஓராண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

குழந்தையும் ஒரு பிராணிதான் என்று வாதாடி, மிருகவதைச் சட்டத்தைக் கொண்டே அவளை மீட்டார்கள் என்றொரு கதை இன்றும் உலவுகிறது. கேட்கச் சுவையானது, ஆயினும் உண்மையன்று. தாம் ஒரு தனி மனிதராகவே வந்திருப்பதாகப் பெர்க் கூறினார். கெர்ரி எடுத்தாண்டது ஆட்கொணர்வுச் சட்டத்தின் ஒரு பிரிவு. சட்டம் முன்னரே இருந்தது. அதைக் கையிலெடுத்து நிற்க ஆள்தான் இல்லை. இக்கதையை நான் விரும்பாததற்குக் காரணம் இதுவே: பல மாதங்கள் படியேறி இறங்கிய ஒரு பெண்மணியின் உழைப்பை அது மறைத்துவிடுகிறது.

அவ்வாண்டு டிசம்பரிலேயே, குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சங்கம் நியூயார்க்கில் தோன்றியது. மேரி எல்லன் வீலரின் உறவினரிடம் வளர்ந்து, மணம் புரிந்து, தம் மகள் ஒருத்திக்கு எட்டா என்றே பெயரிட்டார். 92 வயது வரை வாழ்ந்து 1956-இல் மறைந்தார்.

ஒரு நூற்றாண்டு சென்றது. குழந்தை நல அலுவலர்களும் சட்டங்களும் பெருகிவிட்டன. ஆயினும் சியாட்டில் நகர நீதிபதி டேவிட் சூகப் ஒரு குறையை உணர்ந்தார். பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பிரிப்பதா, திருப்பி அனுப்புவதா என்று அவர் தீர்ப்பளிக்க வேண்டும். அக்குழந்தையை நன்கறிந்து சொல்வார் எவருமில்லை. அலுவலர்களுக்கோ கைநிறைய வழக்குகள். பொதுமக்களிலிருந்தே தொண்டர்களைத் திரட்டலாமா என்று ஆராய ஒரு நண்பகலில் சிலரை அழைத்தார். ஐம்பது பேர் வந்து நின்றனர்!

1977-இல் அத்திட்டம் தொடங்கியது. தொண்டர் சட்டம் கற்றவராக இருக்க வேண்டுவதில்லை. பயிற்சி பெற்றால் போதும். ஓரிரு குழந்தைகளை மட்டுமே அவர் ஏற்பார். குழந்தையோடு பழகுவார், ஆசிரியரையும் மருத்துவரையும் உற்றாரையும் கண்டு பேசுவார், கண்டதை நீதிபதிக்கு எழுதித் தருவார். வீடுகள் மாறும், அலுவலர்கள் மாறுவர். வழக்கு முடியும் வரை மாறாமல் உடனிருப்பவர் பெரும்பாலும் அத்தொண்டர் ஒருவரே. பின்னர் அமெரிக்காவின் பிற மாநிலங்களிலும் இம்முறை பரவியது.