ஒரே கார், வேறு வேறு குதிரைத்திறன்!

குதிரைத்திறன் என்ற அளவே வியாபாரத்துக்காகப் பிறந்ததுதான். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரங்களை விற்க, அவை எத்தனை குதிரைகளுக்குச் சமம் என்று சொல்ல வேண்டியிருந்தது. 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிடத்தில் ஓரடி தூக்கும் திறனை ஒரு குதிரைத்திறன் என்று வைத்தார்.

சரி, இதை அளப்பது எப்படி? 1821-ல் பிரான்சின் காஸ்பார் த புரோனி ஒரு வழி கண்டார். சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்தார். அந்தப் பிடி தண்டோடு சுற்றிவிடாமல் இருக்க நெம்புகோலில் எவ்வளவு எடை தொங்கவிட வேண்டும் என்று பார்த்தார். 'பிரேக் ஹார்ஸ்பவர்' என்ற பெயர் இப்படித்தான் வந்தது. 1877-ல் இங்கிலாந்தின் வில்லியம் ஃபுரூட், கப்பல் இயந்திரங்களை அளக்கக் கட்டைக்குப் பதிலாகத் தண்ணீரைத் தடையாக்கினார்.

கார் காலத்தில் இந்த டைனமோமீட்டர்கள் பல வகை ஆயின. என்ஜினைத் தனியாகக் கழற்றி அளப்பது ஒன்று. காரையே ரோலர் மேல் ஏற்றிச் சக்கரத்தில் அளப்பது இன்னொன்று. கியர்பாக்ஸ், ஆக்சில், டயர் எல்லாம் தம் பங்கைத் தின்றுவிடுவதால் ரோலரில் எண் குறையும். ரோலரிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்றில், கனமான உருளை எவ்வளவு வேகமாகச் சுழல ஆரம்பிக்கிறது என்பதை வைத்துக் கணக்கு. இதில் கனமான சக்கரம் மாட்டினாலே எண் இறங்கும். மற்றொன்றில், தண்ணீர் அல்லது மின்காந்த பிரேக் உருளையைத் தடுத்துப் பிடிக்கும். அன்றைய வெப்பநிலை, காற்றழுத்தத்துக்கான திருத்தம் வேறு!

அமெரிக்காவில் பல ஆண்டுகள் ஏர் ஃபில்டர், சைலன்சர் போன்றவை இல்லாமல் அளந்த 'கிராஸ்' எண்ணையே விளம்பரம் செய்தார்கள். காரில் பொருத்தியபடி அளப்பது 'நெட்'. 1971 கார்வெட்டின் எல்டி-1 என்ஜினுக்கு கிராஸ் 330, நெட் 275. 1972-ல் நெட் மட்டும் வந்தது: 255. மேலோட்டமாகப் பார்த்தால் 75 போய்விட்டது. ஒரே முறையில் ஒப்பிட்டால் குறைந்தது 20-தான்.

ஆனால் எல்லா வித்தியாசமும் கருவியால் வருவதில்லை. 1999 ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவுக்கு 320 என்றார்கள். வாங்கியவர்கள் ரோலரில் ஏற்றினார்கள். வழக்கமான இழப்பைக் கூட்டிப் பார்த்தும் 320 வரவில்லை. ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, இன்டேக் மேனிஃபோல்டு, புகைக்குழாய் முதலியவற்றை மாற்றித் தந்தது. 2001-ல் மஸ்தாவும் மியாட்டாவின் 155-ஐ 142 ஆகக் குறைத்து, விரும்பியவர்களிடம் காரைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தது.

2005-ல் எஸ்.ஏ.இ. பொறியாளர் சங்கம், தகுதி பெற்ற சாட்சி ஒருவர் முன்னிலையில் சோதிக்கும் சான்று முறையைக் கொண்டுவந்தது. கார்வெட் இசட்06-க்கு முதலில் சொன்ன 500, சான்றில் 505 ஆனது. விதிகள் இறுகியதால் டொயோட்டா கேம்ரியின் 3.0 லிட்டர் வி6 என்ஜின் 210-லிருந்து 190-க்கு இறங்கியது. என்ஜின் அதேதான்!

ஆக, ஓரிடத்து டைனோ எண்ணை வேறிடத்து எண்ணோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை. மாற்றம் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரே கருவியில், ஒரே திருத்தத்தோடு அளந்தால்தான் அந்த வித்தியாசத்தை நம்பலாம். கொடுத்த பணத்துக்குக் குதிரைகள் வந்தனவா என்று கேட்பவர், எங்கே, எப்படி அளந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.