பெண்கள் கட்சி (தியாகராஜர் ஆராதனை)

பெண்கள் கட்சி என்பது திருவையாற்றில் நடைபெறும் தியாகராஜர் ஆராதனையில் பெண்களுக்கு இடம் மறுக்கப்பட்டதனால், பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878 - 1952) தலைமையில் 1927 இல் உருவான பெண் இசைக்கலைஞர் குழு ஆகும். இங்கு கட்சி என்ற சொல் அரசியல் கட்சியைக் குறிக்காது. கோஷ்டி, அணி என்னும் பொருளிலேயே வழங்கியது.

பின்னணி

தியாகராஜர் 1847 இல் மறைந்தார். அவரது சமாதி காவிரிக் கரையில் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராதனையை நடத்துவோரிடையே பிணக்கு ஏற்பட்டு, பெரிய கட்சி, சின்ன கட்சி என இரு பிரிவுகள் தோன்றின. சின்ன கட்சியின் விழா முன்கூட்டியே தொடங்கி ஆராதனை நாளன்று முடியும். பெரிய கட்சியின் விழா அன்றுதான் தொடங்கும். பலவற்றில் முரண்பட்டிருந்த இவ்விரு பிரிவினரும் பெண்களைச் சேர்ப்பதில்லை என்பதில் மட்டும் ஒத்திருந்தனர்.

சமாதிக் கோயில்

நாகரத்தினம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். சென்னையில் பெரும்புகழ் பெற்ற பாடகி. சமாதி பாழடைந்து கிடப்பதை 1921 இல் தம் குரு பிடாரம் கிருஷ்ணப்பா எழுதிய கடிதத்தின் வழியாக அறிந்தார். தாம் பாடி ஈட்டிய பொருளைக் கொண்டு நிலத்தைப் பெற்றுக் கோயில் எழுப்பினார். அதன் குடமுழுக்கு 1926 இல் நடந்தது. ஆயினும் ஆராதனையில் பாடவோ கதாகாலட்சேபம் செய்யவோ அவருக்கே அனுமதி கிடைக்கவில்லை. செலவை ஏற்கலாம், சபையில் அமரக்கூடாது என்பதே அன்றைய நிலை.

உருவாக்கம்

மறு ஆண்டே அவர் பெண் கலைஞர்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தத் தொடங்கினார். கோயிலின் பின்புறத்தில் இவர்களது கச்சேரிகள் நடைபெற்றன. இவ்வாறு ஒரே சமாதியில் மூன்று கட்சிகள் ஆராதனை செய்தன. தேவதாசி முறையை ஒழிப்பதற்கான முயற்சிகள் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் வலுப்பெற்ற காலமும் இதுவே என்பதால், அம்மரபில் வந்த கலைஞர்களுக்குப் பொது மேடை முன்னெப்போதையும்விட இன்றியமையாததாக இருந்தது.

ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவிலும் பெண்கள் தனி இசைக்குழுக்களை அமைத்தனர். ஸ்விங் இசையில் ஐனா ரே ஹட்டன் 1934 முதல் மெலோடியர்ஸ் என்னும் பெண்கள் குழுவை நடத்தினார். மிசிசிப்பி மாநிலப் பள்ளியொன்றில் 1937 இல் இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம் உருவானது. இவற்றுக்கும் திருவையாற்றுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆண்களின் குழுக்களில் இடம் கிடைப்பது அரிது என்ற காரணம் மட்டுமே பொதுவானது.

இணைப்பு

1940 ஆம் ஆண்டை ஒட்டி, ஐ.சி.எஸ் அதிகாரி எஸ். ஒய். கிருஷ்ணசாமி, முசிறி சுப்பிரமணிய ஐயர் முதலியோரின் முயற்சியால் மூன்று கட்சிகளும் ஒன்றாயின. பெண்கள் கட்சி தனியாக இயங்குவது அத்துடன் நின்றது. இன்று ஆராதனை நாளில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடுகின்றனர்.

நாகரத்தினம்மாள் தம் சொத்துகளை அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். அவரது சமாதி, தியாகராஜர் சமாதியை நோக்கியவாறு அதன் அருகிலேயே அமைந்துள்ளது.