பாரதி பொம்மையின் தலைப்பாகை

நவராத்திரி நெருங்கும்போது மயிலாப்பூர் வடக்கு மாட வீதியின் நடைபாதையில் பொம்மைகள் வந்து இறங்கிவிடும். தசாவதாரத்துக்கும் கல்யாண செட்டுக்கும் நடுவே இலக்கியத்துக்கும் சிறிது இடம் உண்டு. ஆண்டுதோறும் என் கண்ணில் படுபவர்கள் மூவர்: வள்ளுவர், ஔவை, பாரதி. ஏன் இவர்கள் மட்டும்? புகழ்தான் காரணம் என்றால் கம்பருக்கு என்ன குறை?

பொம்மை செய்யும் முறையிலேயே விடை இருப்பதாகத் தோன்றுகிறது. ஊறவைத்து அரைத்த கழிவுக் காகிதத்தோடு கிழங்கு மாவும் சுண்ணாம்புத் தூளும் சேர்த்துப் பிசைந்து, முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சுகளில் அழுத்தி எடுப்பார்கள். காய்ந்தபின் ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசுவார்கள். இதில் முகத்தின் நுட்பமெல்லாம் மழுங்கிவிடும். ஆளை அடையாளம் காட்டும் பொறுப்பு உடைக்கு வந்து சேர்கிறது.

பாரதி இதற்கென்றே உடுத்தியவர் போலிருக்கிறார். 1898இல் காசிக்குப் போய் அத்தை வீட்டில் தங்கிய எட்டயபுரத்து இளைஞர், அங்கேதான் குடுமியைத் துறந்து மீசையும் தலைப்பாகையும் வைத்துக்கொண்டார். அன்றைய வைதிகக் குடும்பத்தில் மீசை என்பது சிறு விஷயமன்று. கவிதைக்கு முன்பே அவர் செய்த கலகம் அது. அவருடைய புகைப்படங்களாக நமக்குக் கிடைத்திருப்பவை ஐந்தே என்பார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. வண்ணம் தந்தவர்களில் முதன்மையானவர் ஓவியர் ஆர்யா. 1932 ஜனவரியில் புனித ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவர்ணக் கொடியைப் பறக்கவிட்ட அதே ஆர்யாதான். கொலுப்படியில் நிற்பவர் புகைப்படத்துப் பாரதியைவிட ஓவியத்துப் பாரதிக்கே நெருக்கமானவர்.

வள்ளுவருக்குப் புகைப்படமும் இல்லை. கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்து, 1964இல் சட்டமன்றத்தில் திறக்கப்பட்ட உருவமே அச்சாகிவிட்டது. அதன் வெண்ணிற உடையைக் காவியாக்கியதால் 2019இல் எழுந்த சர்ச்சை நினைவிருக்கும். பொம்மைக்காரரின் தூரிகை ஒரு முறை நிறம் மாறினால் போதும், நாட்டில் வாதம் பிறந்துவிடும்! ஔவை பொம்மையிலோ, 1953இல் ஜெமினி எடுத்த படத்தின் கே.பி. சுந்தராம்பாள்தான் எனக்குத் தெரிகிறார்.

தியாகராய நகர் நடேசன் பூங்காவில் அமர்ந்து எழுதிய அசோகமித்திரனுக்குப் பொம்மை செய்யவே முடியாது. அவர் சட்டை எல்லோருடைய சட்டையும்தான். அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார்.

ஆனால் வை.மு. கோதைநாயகி? நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். 'ஜகன்மோகினி'யைப் பல்லாண்டு நடத்தியவர். காந்தியைச் சந்தித்தபின் பட்டையும் நகையையும் விட்டுக் கதருக்கு மாறியவர். பாரதியின் மீசையைப்போலவே அதுவும் தேர்ந்துகொண்ட கோலம். உடை இருந்தது, அதைப் பரப்ப ஓர் ஆர்யா வாய்க்கவில்லை. ஆக, என் உடைக் கொள்கை பாதிதான் சரி.

சென்ற ஆண்டு வீட்டில் அட்டையைக் கத்தரித்து, காகிதப் புடவை சுற்றி, அவரைப் பாரதிக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். கரைக்கு வண்ணமிடலாமா என்று என் மகள் கேட்டாள். வேண்டாம், கதர் என்றேன். சுண்டலுக்கு வந்தவர்களில் இரண்டு பேர், "கே.பி. சுந்தராம்பாளா?" என்று விசாரித்தார்கள்.