நஞ்சு என்னும் பெயரும் மருந்து என்னும் பணியும்: நரம்புச் சிதைவு நோய்களும் கிருமிக்காவிகளும்

சொல்லிலிருந்து தொடங்குவோம்

அறிவியல் வரலாற்றை மொழியியலாளன் ஏன் பேச வேண்டும் என்னும் வினா எழலாம். ஒரு பொருளுக்கு நாம் இடும் பெயர், அப்பொருளைப் பற்றிய நம் எண்ணத்தையும் உருவாக்கிவிடுகிறது. அதுவே இவ்வுரைக்குக் காரணம். இதனை விளக்க 'வைரஸ்' என்னும் சொல்லைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. இலத்தீன் மொழியில் இச்சொல்லுக்கு நஞ்சு என்பது பொருள். புகையிலைச் செடியைத் தாக்கும் ஒரு நோயை ஆராய்ந்த ஆலந்து நாட்டு அறிஞர் பெய்யரிங்க், 1898-ஆம் ஆண்டில் அந்நோய்க்காரணியைக் குறிக்க இதனை ஆண்டார். தமிழிலும் நச்சுயிரி, தீநுண்மி என்னும் ஆக்கச்சொற்கள் அப்பொருளைத் தழுவியே அமைந்தன. சிங்கப்பூர் ஊடகத் தமிழில் 'கிருமி' என்னும் சொல்லே பெருவழக்கு. அதுவும் வடமொழியில் புழுவைக் குறித்த சொல்லே.

இவ்வாறு நஞ்சென்றும் தீயதென்றும் பெயர் பெற்ற ஒன்று, இன்று பிறந்த சில வாரங்களே ஆன குழந்தையின் உடலில் மருத்துவர் கையாலேயே செலுத்தப்படுகிறது. சிதையும் நரம்பணுக்களைக் காக்கும் மரபணுவை அதுவே சுமந்து செல்கிறது. பெயருக்கும் பணிக்கும் இடையே ஏற்பட்ட இந்த முரணின் வரலாறே இவ்வுரையின் பொருளாகும்.

மரபணுவைச் சுமந்து செல்லும் கிருமியை ஆங்கிலத்தில் 'வெக்டர்' என்பர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதற்குக் 'காவி' என்னும் சொல்லை வழங்குகின்றன. காவுதல் என்பது தோளில் சுமத்தல். நாம் நன்கறிந்த காவடி என்னும் சொல்லும் இதனோடு உறவுடையதே. இவ்வுரையிலும் காவி என்னும் சொல்லையே ஆள்கிறேன்.

உடன்வந்த கிருமி

1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அட்சிசன், காஸ்டோ, ஹாமன் ஆகியோர் அடினோ கிருமிகளை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். அவற்றினிடையே மிகச் சிறிய வேறு துகள்களும் காணப்பட்டன. அவை தேடிச் சென்ற பொருள் அல்ல. தேடிய பொருளோடு கலந்து வந்தவை. அடினோ கிருமி துணையிருந்தாலன்றி அவற்றால் பெருக இயலவில்லை. ஆகவே 'அடினோவோடு இணைந்தது' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். நாம் இதனை இணைக்கிருமி எனலாம்.

இதன் விட்டம் ஏறத்தாழ 25 நானோமீட்டர். இதன் மரபுச் செய்தி ஏறத்தாழ 4,700 எழுத்துகளே கொண்டது. தானாகப் பெருக முடியாமை ஓர் உயிர்க்குக் குறை. ஆனால் காவியாகப் பயன்படுத்துவோர்க்கு அதுவே நிறை. மேலும் இக்கிருமியால் மனிதர்க்கு நோய் வருவதாக நெடுங்காலம் அறியப்படவில்லை. 1982-இல் சாமுல்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் இதன் மரபுச் செய்தி முழுவதையும் படியெடுத்துக் கையாளும் வழியைக் கண்டனர். 1984-இல் ஹெர்மொனாட், முசிச்கா இருவரும் இதனைக் காவியாக்கினர். இருபுற எல்லைப் பகுதிகளை மட்டும் நிறுத்தி, இடையிலுள்ள கிருமியின் சொந்த மரபணுக்களை நீக்கி, வேண்டிய மரபணுவை அங்கே பொருத்துவதே முறை. உறை பழையது, உள்ளே உள்ள மடல் புதியது.

1999: ஒரு மரணமும் ஒரு படிவமும்

மரபணு மருத்துவத்தின் வரலாற்றைப் பேசுவோர் 1999-ஆம் ஆண்டைக் கடந்து செல்லல் ஆகாது. அவ்வாண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆய்வில் பங்கேற்ற ஜெசி கெல்சிங்கர் என்னும் 18 வயது இளைஞர் உயிரிழந்தார். அவர்க்கு இருந்தது கல்லீரல் சார்ந்த அரிய மரபு நோய். உணவுக் கட்டுப்பாட்டாலும் மருந்தாலும் அது அடங்கியே இருந்தது. அவ்வாய்வால் தமக்கு நலம் விளையாது, பின்னர்ப் பிறக்கும் குழந்தைகளுக்கே பயன்படும் என்று அறிந்தே அவர் முன்வந்தார். அவர் உடலில் செலுத்தப்பட்டது இணைக்கிருமி அன்று, அடினோ கிருமிக்காவி. அவரது நோயெதிர்ப்பு அமைப்பு அதனைக் கடுமையாக எதிர்த்தது. நான்கே நாளில் உறுப்புகள் செயலிழந்தன.

முந்தைய ஆய்வுகளில் குரங்குகள் இறந்த செய்தி, அவர் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தில் இடம்பெறவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. மொழியை ஆராய்வோர் இங்கே சற்று நிற்க வேண்டும். 'மரபணுச் சிகிச்சை' என்னும் தொடரிலேயே நோய் தீரும் என்னும் உறுதி மறைந்து நிற்கிறது. ஆனால் தொடக்கநிலை ஆய்வின் நோக்கம் தீர்ப்பதன்று. தீங்கு நேருமா என்று அளந்தறிவதே. சொல் கூடுதலாகச் சொன்னது. படிவம் குறைவாகச் சொன்னது. இவ்விரண்டிற்கும் இடையே ஓர் இளைஞரின் உயிர் இருந்தது.

ஆய்வுக்கும் ஒரு கருவி

காவிகள் மருந்தாவதற்கு முன்பே ஆய்வுக் கருவிகளாயின. மூளையின் குறிப்பிட்ட ஒரு பகுதியில் மட்டும் ஒரு மரபணுவைச் செயற்படுத்திப் பார்க்க அவை வழி தந்தன. 1994-இல் கேப்லிட், டூரிங் ஆகியோரின் குழு இணைக்கிருமியின் வாயிலாக எலியின் மூளைக்குள் மரபணுவைச் செலுத்தியது. 2002-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள், பார்க்கின்சன் நோயில் தேங்கும் ஆல்ஃபா சைனூக்ளின் என்னும் புரதத்தின் மரபணுவை எலிகளின் நடுமூளையில் இதே காவி கொண்டு மிகுவித்தனர். அங்குள்ள டோப்பமின் நரம்பணுக்கள் படிப்படியாக அழிந்தன. நோய் எவ்வாறு வளர்கிறது என்பதை விலங்கில் படிநிலையாகக் காண இதனால் இயன்றது.

வெறிநாய்க்கடி நோயின் கிருமியும் ஆய்வுக்குப் பயன்பட்டது. அது நரம்பணுவிலிருந்து நரம்பணுவுக்குப் பின்னோக்கித் தாவும் இயல்புடையது. தாவுவதற்கு இன்றியமையாத ஒரு மரபணுவை அதனின்று நீக்கி, தொடங்கும் அணுவில் மட்டும் அதனை ஈடுசெய்தால், கிருமி ஒரே ஒரு படி தாவி நின்றுவிடும். 2007-இல் விக்கர்ஷாம், காலவே ஆகியோரின் குழு வெளியிட்ட இம்முறையால், ஒரு நரம்பணுவோடு நேரே பேசும் அணுக்கள் எவை என்று வரைந்து காட்ட முடிந்தது.

ஓர் எழுத்தின் கதை

முதுகுத்தண்டுவடத் தசைநலிவு நோயை 1891-இல் ஆஸ்திரியாவின் வெர்ட்நிக் என்பாரும், பின்னர் ஜெர்மனியின் ஹொஃப்மன் என்பாரும் விவரித்தனர். இந்நோயில் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. கடுமையான வகையில் குழந்தை உட்காரவே கற்பதில்லை. மூச்சுவிடும் தசைகளும் தளர்ந்து, பெரும்பாலும் இரண்டு வயதிற்குள் உயிர் பிரிகிறது. 1995-இல் பிரான்சில் ஜூடித் மெல்கியின் குழு இதற்குக் காரணமான மரபணுவைக் கண்டறிந்தது. அதன் பெயர் எஸ்எம்என்-1.

மனிதரிடம் இதன் இரட்டைபோல் எஸ்எம்என்-2 என்னும் மற்றொரு மரபணுவும் உண்டு. முதலாவது கெட்டால் இரண்டாவது ஏன் கைகொடுப்பதில்லை? அதன் 7-ஆவது பகுதியில் ஓர் எழுத்து மட்டும் வேறு. அம்மாற்றத்தால் புரதத்தின் அமினோ அமிலம் மாறுவதும் இல்லை. நம் இலக்கணத்தில் இதற்கு ஒப்பாகப் போலியைக் காட்டலாம். அறம் என்பது அறன் என நின்றாலும் பொருள் ஒன்றே. ஆயினும் உயிரணு தன் செய்தியைப் பகுதி பகுதியாக வெட்டி ஒட்டிப் படிக்கும்போது, இந்தப் போலி எழுத்து வெட்டும் இடத்தைப் பிறழச் செய்கிறது. 7-ஆவது பகுதி முழுவதும் பெரும்பாலும் விடுபடுகிறது. உருவாகும் புரதம் நிலைப்பதில்லை. பொருள் மாறாத எழுத்து மாற்றமும் படிப்பவரைத் தடுமாறச் செய்யும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

குறையுள்ள மரபணுவுக்கு ஈடாக நல்ல படி ஒன்றை நரம்பணுவிற்குள் சேர்க்க வேண்டும். ஆனால் குருதியில் செல்லும் பொருள்கள் மூளைக்குள்ளும் தண்டுவடத்திற்குள்ளும் எளிதில் நுழையாதவாறு ஒரு தடுப்பு உண்டு. 2004-இல் பென்சில்வேனியாவில் காவோ, வில்சன் ஆகியோரின் குழு மனிதத் திசுக்களிலும் குரங்குத் திசுக்களிலும் இருந்து இணைக்கிருமியின் புதிய வகைகளைக் கண்டது. 1999-ஆம் ஆண்டின் ஆய்வை நடத்தியவரும் இதே வில்சன்தான். அவ்வகைகளுள் ஒன்பதாவது, பிறந்த எலிக்குஞ்சின் குருதியில் செலுத்தப்பட்டபோது தடுப்பைக் கடந்து தண்டுவட நரம்பணுக்களை அடைந்ததை 2009-இல் ஓகையோ மாநிலத்தில் காஸ்பரின் குழு காட்டியது. மறு ஆண்டில், இரு வாரமே வாழக்கூடிய நோயுற்ற எலிகள் இம்முறையால் 250 நாளைக் கடந்து வாழ்ந்தன.

ஜெரி மெண்டெல் தலைமையில் நடந்த மனித ஆய்வின் முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. பங்கேற்ற 15 குழந்தைகளும் 20 மாத வயதில் நிலையான மூச்சுக்கருவி இன்றி உயிர் வாழ்ந்தனர். உயர் அளவு பெற்ற 12 பேரில் 11 பேர் துணையின்றி உட்கார்ந்தனர், இருவர் நடந்தனர். 11 பேர் வாயால் உண்டனர், பேசவும் செய்தனர். மொழியைப் பயில்வோர் இந்த இறுதிச் செய்தியை உணர்ந்து படிக்க வேண்டும். 2019 மே மாதம் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது.

எல்லைகள்

வெற்றியை மட்டும் சொல்வது வரலாறாகாது. நரம்பணுவைக் காக்கும் நியூர்ட்டுரின் என்னும் புரதத்தின் மரபணுவைப் பார்க்கின்சன் நோயாளரின் மூளையில் செலுத்திய ஆய்வில் 58 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர்க்கு மண்டையோட்டில் மேலோட்டமாகத் துளையிட்டனரே அன்றி மருந்து தரவில்லை. 2010-இல் முடிவு வெளிவந்தபோது, ஓராண்டில் இரு பிரிவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. முந்தைய சிறிய ஆய்வில் தோன்றிய நம்பிக்கையை ஒப்பீடு தளர்த்தியது.

மாறாக, டோப்பமினை ஆக்கும் நொதியம் பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்குத் தைவான் மருத்துவர்கள் மூளைக்குள் நேரே மரபணுவைச் செலுத்தினர். தலை நிற்காதிருந்த குழந்தைகளிடம் இயக்கம் மேம்பட்டதை 2012-இல் அறிவித்தனர். இம்முறையிலான மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022-இலும் அமெரிக்கா 2024-இலும் ஒப்புதல் வழங்கின. காரணம் ஒரே மரபணுவாக இருக்கும் நோயில் வழி தெளிவு; பல காரணங்கள் பின்னிய முதுமைக்கால நோய்களில் வழி இன்னும் கடினம்.

வேறு எல்லைகளும் உள. அழிந்த நரம்பணு மீள்வதில்லை. எனவே காலம் தாழ்ந்தால் பயன் குறையும். ஒருமுறை காவியைக் கண்ட உடல் அதற்கு எதிர்ப்பொருளை வளர்த்துக்கொள்வதால் மறுமுறை தருதல் எளிதன்று. தசைநலிவு மருந்து பெற்ற குழந்தைகள் இருவர் கல்லீரல் செயலிழந்து இறந்த செய்தி 2022-இல் வெளிவந்தது. விலையோ 2019-இல் அமெரிக்காவில் ஒருமுறைக்கு 21 இலட்சத்து 25 ஆயிரம் டாலராக இருந்தது. சிங்கப்பூரிலும் இதற்காகப் பெற்றோர் பொதுமக்களிடம் நிதி திரட்டியதை நாளேடுகளில் படித்திருக்கிறோம்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

ஒரு நாள், நம் மாணவருள் ஒருவர் தம் பெற்றோர்க்கோ பிள்ளைக்கோ இத்தகைய மருத்துவத்தைத் தேர்வதா வேண்டாவா என்று முடிவெடுக்க நேரலாம். அன்று அவர் கையில் ஒரு படிவம் இருக்கும். தாத்தா பாட்டிக்கு அதனைத் தமிழில் விளக்க வேண்டிய பொறுப்பும் அவருடையதாகலாம். 'கிருமியை ஊசியில் ஏற்றுகிறார்கள்' என்று மட்டும் சொன்னால் அச்சமே மிஞ்சும். 'மரபணுச் சிகிச்சை, குணமாகிவிடும்' என்று சொன்னால் பொய்யான நம்பிக்கை மிஞ்சும். கிருமியின் பெருகும் ஆற்றல் நீக்கப்பட்டது, உறை மட்டுமே எஞ்சியது, அது ஒரு நல்ல மரபணுவைக் காவிச் செல்கிறது, அதற்கு இன்னின்ன இடர்கள் உண்டு என்று நான்கு தொடரில் சொல்லத் தமிழ் இடந்தருகிறது.

மரபணு, காவி, தடுப்பு, ஒப்புதல் ஆகிய சொற்களின் பொருளை வகுப்பறையிலேயே தெளிவுறக் கற்பிப்பது வெறும் கலைச்சொற் பயிற்சியன்று. தாய்மொழியில் தெளிவாகக் கேட்டு, தெளிவாக வினவி, அதன்பின் இசைவதோ மறுப்பதோ செய்யும் உரிமையை அது ஒருவர்க்குப் பெற்றுத் தருகிறது.