வீட்டுச் செலவுக் கணக்கில் இரண்டு பெயர்



கணக்குப் பார்ப்பது எனது தொழில். வானொலியில் பேசுவது எனது விருப்பம். இந்த மாதம் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. அண்மையில் திருமணமான தம்பி ஒருவர் நிகழ்ச்சி முடிந்தபின் தொலைபேசியில் அழைத்தார். "அங்கிள், நாங்கள் ரெண்டு பேரும் ஒரே வங்கிக் கணக்கு வைச்சிருக்கிறதோ, தனித்தனியா வைச்சிருக்கிறதோ?" என்று கேட்டார். வாடகை, மின்சாரம், குழந்தைகள் காப்பகம் என்று மாதாமாதம் வரும் பற்றுச்சீட்டுகளை எப்படிப் பங்கிடுவது என்பதே அவருடைய கேள்வி. சின்னக் கேள்விதான். ஆனால் இதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

முதலில் எங்கள் ஊரைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுத்தில் கொண்டுவந்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதைச் சட்டமாக ஏற்றார்கள். அதில் குடும்பச் சொத்து மூன்று வகை: முதுசம், சீதனம், தேடியதேட்டம். கலியாணத்துக்குப் பிறகு இருவரும் உழைத்துச் சேர்ப்பதுதான் தேடியதேட்டம். அதில் மனைவிக்கும் பங்கு உண்டு. ஆனால் நிர்வாகம் கணவன் கையில். அவர் அதை விற்கலாம், ஈடு வைக்கலாம். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம், தனக்கென்று உள்ள நகையையும் காசையும் மனைவி தன் விருப்பப்படி கையாளலாம் என்றது. ஆனால் தன் காணியையோ வீட்டையோ விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சீதனமாகத் தாய் கொடுத்த வளவுக்கும் இதுதான் விதி.

டென்மார்க்கும் அந்த நாளில் வேறாக இருக்கவில்லை. இங்கும் மனைவி உழைத்த காசு கணவனின் பொறுப்பில்தான் இருந்தது. பிரெட்ரிக் பயர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் இதை எதிர்த்தார். அவரும் மனைவி மத்தில்டாவும் 1871இல் டெனிஷ் பெண்கள் சங்கத்தைத் தொடங்கியவர்கள். அவருடைய முயற்சியால், மணமான பெண் தான் உழைத்த காசைத் தானே வைத்திருக்கலாம் என்ற சட்டம் 1880இல் வந்தது. 1899இல் மணமான பெண்ணுக்குச் சட்டப்படி முழுவயதுத் தகுதி கிடைத்தது. ஆனாலும் பொதுச் சொத்தின் நிர்வாகம் கணவனிடமே இருந்தது. 1925ஆம் ஆண்டின் திருமணச் சட்டம்தான் இருவரையும் சரிசமமாக்கியது. பிரான்சில் மனைவி கணவனின் அனுமதியின்றி வங்கிக் கணக்குத் திறக்க 1965 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

1925இன் சட்டம் 2018 ஜனவரி முதல் புதிய சட்டமாக மாறினாலும் அடிப்படை அதேதான். மண வாழ்வில் அவரவர் சொத்தை அவரவரே ஆளலாம். ஒருவருடைய கடனுக்கு மற்றவர் பொதுவாகப் பொறுப்பில்லை. குடியிருக்கும் வீட்டை விற்க மற்றவரின் சம்மதம் வேண்டும். இங்கே அந்தச் சம்மதம் இரு பக்கமும் வேண்டியது; தேசவழமையில் ஒரு பக்கம் மட்டும். பிரிவு வந்தால் இருவருடைய சொத்தும் சரிபாதியாகப் பங்கிடப்படும். வேறுவிதமாக வேண்டுமென்றால் திருமண உடன்படிக்கை எழுதிப் பதிய வேண்டும்.

இதில் எங்கள் ஆட்கள் பலர் பிழையாக விளங்கிக்கொள்வது ஒன்று உண்டு. கணக்கில் உள்ள பெயர், யார் காசு எடுக்கலாம் என்பதைச் சொல்லும். கடைசியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைச் சொல்லாது. "என் பெயரில் இருக்கிறது, ஆகவே என்னுடையது" என்பது சரியல்ல.

இனி எங்கள் கதைக்கு வருவோம். 1983க்குப் பிறகு இங்கு வந்தவர்களில் பலர் தனித்து வந்த ஆண்கள். 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின் ஹான்சன் எங்கள் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடவைத்தார். அந்த விவகாரம் 1993 ஜனவரியில் போல் ஸ்லூட்டரின் அரசையே பதவி விலகவைத்தது. 1995இல் அமைச்சருக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் காத்திருந்துவிட்டன. மனைவிமார் வந்து சேர்ந்தபோது கணவனின் கணக்கு ஏற்கனவே இருந்தது. மொழியும் தெரியாது. ஆகவே கணக்கும் அப்படியே ஒரு பெயரில் தொடர்ந்தது.

எனது மூத்த அண்ணரின் வீட்டிலும் அப்படித்தான். அண்ணியார் பல வருடம் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவருடைய சம்பளமும் அண்ணரின் கணக்குக்கே போனது. அண்ணர் திடீரென்று காலமானபோது வங்கி வழமைப்படி அந்தக் கணக்கை மூடிவைத்தது. நீதிமன்றத்தின் கடதாசி வரும்வரை அண்ணியார் தான் உழைத்த காசைத் தானே எடுக்க முடியாமல் இருந்தார். வாடகையை நாங்கள்தான் கட்டினோம். வருடாவருடம் அவர்களுடைய வரிக் கணக்கைப் பார்த்தவன் நான். ஒரு நாளாவது "அண்ணி, உங்கள் பெயரிலும் ஒரு கணக்கு வையுங்கோ" என்று நான் சொல்லவில்லை. அந்தக் குறை இன்றும் மனதில் இருக்கிறது.

ஆகவே அந்தத் தம்பிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மூன்று கணக்கு வையுங்கள். ஆளுக்கு ஒரு சொந்தக் கணக்கு. சம்பளம் அதற்கு வரட்டும். அரசு காசு போடும் நெம்கொன்ரோவும் அவரவர் கணக்காகவே இருக்கட்டும். 2022 ஜனவரி முதல் பிள்ளைகளின் பணம் தாய்க்குப் பாதி, தந்தைக்குப் பாதி என்று வருகிறது. மூன்றாவது, பற்றுச்சீட்டுகளுக்கான கூட்டுக்கணக்கு. வருடச் செலவைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் இருவரும் அதில் போடுங்கள். பாதிப் பாதி என்பதைவிட வருமானத்தின்படி போடுவது நியாயம். வரி போக ஒருவருக்கு 30,000 குறோணர், மற்றவருக்கு 20,000, மாதச் செலவு 20,000 என்றால், ஒருவர் 12,000, மற்றவர் 8,000.

கூட்டுக்கணக்கிலும் ஆபத்து உண்டு. இருவரில் யாரும் முழுவதையும் எடுக்கலாம். கணக்கு மறைக்குள் போனால் வங்கி இருவரிடமும் கேட்கும். ஒருவர் இறந்தால் பொதுவாக அதுவும் மூடப்படும். அதனால்தான் சொந்தக் கணக்கும் வேண்டும் என்கிறேன். திருமணப் பதிவு இல்லாமல் ஒன்றாக இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொன்ன சரிபாதிச் சட்டம் பொருந்தாது. அது சரியா பிழையா என்பது இன்றைய பேச்சல்ல. யார் எதற்குக் காசு கொடுத்தார் என்பதை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

தனிக் கணக்கு என்றால் நம்பிக்கையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். என் அண்ணரும் அண்ணியாரும் ஒருவரை ஒருவர் முழுதாக நம்பியவர்கள். அந்த நம்பிக்கை வங்கியின் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கவில்லை. இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் இருவரும் இருந்து, எந்தக் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.