ஆப் காட்டுற லாபம்... கட்டணம் போக கைக்கு எவ்வளவு?

‘ஃபண்ட் 12% லாபம்னு காட்டுது. அதுல 1% எக்ஸ்பென்ஸ் ரேஷியோ. அப்போ எனக்கு 11 தானா?’ எஸ்.ஐ.பி போடுற பலருக்கும் வர்ற டவுட் இது. இல்லை பாஸ், அந்த 12%-ல கட்டணம் ஏற்கெனவே கழிஞ்சிருச்சு. வருடக் கட்டணத்தை நாள் கணக்கில் பிரித்து, தினமும் ஃபண்டின் சொத்திலிருந்து எடுத்த பிறகுதான் என்.ஏ.வி-யே வெளியாகும். பில் வராது என்பதால், நாம கவனிக்கிறதும் இல்லை.

அந்தக் கட்டணம் எவ்வளவு என்பதில்தான் விஷயமே இருக்கு. 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ஃபண்டிலும் டைரக்ட், ரெகுலர் என இரண்டு பிளான்கள். முதலீடு ஒன்றுதான், ரெகுலரில் ஏஜென்ட் கமிஷனும் சேரும். டைரக்ட்டில் என்.ஏ.வி அதிகமா இருக்கே, காஸ்ட்லியோனு பயப்பட வேண்டாம். கமிஷன் பிடிக்காததால் வளர்ந்த தொகை அது. மாதம் 5,000 ரூபாய், 20 வருடம். 12% கிடைத்தால் சுமார் 49.96 லட்சம்; 11% என்றால் 43.68 லட்சம். ஒரே ஒரு சதவிகிதம், ஆறு லட்சத்துக்கு மேல காலி!

அடுத்து, லாபத்தை அளக்கும் முறை. மாதம் 5,000 வீதம் 12 மாதம் போட்ட 60,000 இப்போ 63,600-னா, ஆப் 6% என்று காட்டலாம். ஆனால், கடைசியாகப் போட்ட 5,000 ஒரு மாதம்தானே உள்ளே இருந்தது? எக்ஸ்.ஐ.ஆர்.ஆர் முறையில் அது வருடத்துக்குச் சுமார் 11%. கூகுள் ஷீட்டில் தேதி ஒரு வரிசை, தொகை ஒரு வரிசை போடுங்க. போட்ட பணம் மைனஸ், இன்றைய மதிப்பு பிளஸ். மீதியை ஃபார்முலா பார்த்துக்கும்.

ஆலோசகருக்குத் தனியா ஃபீஸ் கட்டுறீங்களா? அது என்.ஏ.வி-யில் வராது, கட்டிய தேதியில் அதையும் மைனஸில் எழுதுங்க. 2 லட்சத்துக்கு 20,000 லாபம் வந்து, ஃபீஸ் 5,000, ஜி.எஸ்.டி 900 போனால், 10% என்பது சுமார் 7% ஆகிடும். மார்க்கெட் விழும்போது பதறி விற்கிற ஆளா இருந்தா, பிடித்து நிறுத்தும் நல்ல ஆலோசகருக்கு அது நியாயமான விலைதான்.

உங்க ஸ்டேட்மென்ட்டில் ஃபண்ட் பெயருடன் ‘ரெகுலர்’ என்று இருந்தால், உடனே மொத்தத்தையும் மாத்திடாதீங்க. டைரக்ட்டுக்கு மாறுவது, விற்று வாங்குவதாகவே கணக்கில் வரும். எக்ஸிட் லோடு, வரி இரண்டையும் பார்க்கணும். புது எஸ்.ஐ.பி-யை டைரக்ட்டில் ஆரம்பித்துவிட்டு, பழையதைப் பிறகு யோசிக்கலாம்.